திருநீறு மடிக்கக் கிழிந்த பாட்டு அட்டைகள்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கிள்ளானில் நாங்கள் கும்பிடும் அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைப் பாட்டு அட்டைகளை நான்தான் அடித்துக் கொடுப்பேன். எப்போதும் லேமினேட் செய்துதான். ஓரம் பிரிந்து தண்ணீர் ஏறினால் எழுத்து கறுத்துவிடும். தூக்கிப் போட்டாலும் மக்காது. இந்த வருடம் கோயில் தலைவி பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றார்.

"ஆடி முழுக்கத் தாங்கணும் அண்ணே. இல்லேன்னா கமிட்டி பழையபடி பிளாஸ்டிக்குக்கே போயிரும். அப்புறம் நான் வாயே திறக்க முடியாது."

"பாக்கிறேன்க்கா" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது. ஆனால் லேமினேட் மெஷின் சூட்டில் வரும் நாற்றம் எனக்கும் வெறுத்துப்போயிருந்தது.

முதலில் தேன்மெழுகு பூசிப் பார்த்தேன். கற்பூரத் தட்டு பக்கத்தில் வந்ததும் இளகி, அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு தடித்த அட்டை வாங்கி, தண்ணீரில் கலக்கும் வார்னிஷை இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்தேன். ஈரத்துணியால் தேய்த்தேன், மை அசையவில்லை. விளக்கெண்ணெய் சொட்டினேன், துடைத்ததும் போய்விட்டது. நிம்மதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் ஆடி வெள்ளி பூஜை முடிந்து அட்டைகளைச் சேர்த்தால், பாதி அட்டைக்கு மூலையைக் காணோம். என் கண்ணெதிரிலேயே ஓர் அம்மா ஒரு மூலையைப் பிய்த்துத் திருநீறு மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, என்ன இது?"

"வீட்டுக்குத் திருநீறு தம்பி. பிளாஸ்டிக்கா இருந்தப்ப கிழிக்க வராது. இப்பதான் வசதி லா."

"பாட்டு போயிருமே ஆன்டி!"

"கடைசி வரி எல்லாருக்கும் மனப்பாடம்தானே?"

கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்தார். "சொன்னேன்ல, பிளாஸ்டிக்தான் சரி." தலைவி என்னைப் பார்த்தார். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் சோதித்த நான், எங்கள் ஆட்களின் விரலுக்குச் சோதிக்கவில்லை.

கிழிந்தவற்றைத் திரும்ப அடித்தேன். அடுத்த வெள்ளி பழைய நாள்காட்டித் தாளைச் சதுரமாக வெட்டி, திருநீற்றுத் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். அதே ஆன்டி வந்தார்.

"இதுல சாமி படம் இருக்கே தம்பி, எப்படி மடிச்சுக் கசக்குறது?" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த அட்டையின் மூலையைப் பிய்த்தார்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து கடையில் மிஞ்சும் வெள்ளைத்தாளை வெட்டி வைத்தேன். நேற்று கடைசி ஆடி வெள்ளி. ஓர் அட்டைக்கும் மூலை போகவில்லை.

"அடுத்த வருஷமும் இதேதான்" என்று கமிட்டியைப் பார்த்துச் சொன்னார் தலைவி. நான் மூச்சு விடுவதற்குள் ஆன்டி பக்கத்தில் நின்றார்.

"தாளை இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டக் கூடாதா தம்பி?"

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை.