பார்த்துவிட்டுத்தான் காசு

பசியாவரத்துக் காசியம்மாளுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இரண்டு கைகள்தான். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று உண்டு. கைகள் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். காலையில் கடித்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வாய் திறக்கும். திறந்த பிறகு அந்த வாய்க்கு இறால் வியாபாரியே பயப்படுவார்.

போன ஐப்பசியில் கெளுத்தி முள் வலது ஆள்காட்டி விரலில் ஏறி, முழங்கை வரை வீங்கிவிட்டது. பொன்னேரி டாக்டர் சீழை எடுத்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படி வந்தா விரலையே எடுக்கணும். கையுறை போட்டுக்கம்மா" என்றார். அந்த விரல் போனால் பிழைப்பு போச்சு. பழவேற்காட்டுக் கடைகளில் கிடைத்தவையோ கட்டட வேலைக்கான தடிமன் கையுறைகள். கல்லூரியில் படிக்கும் மகள் நந்தினி செல்போனில் தேடி, முள் ஏறாத மெல்லிய கையுறை என்று ஒன்றைப் பிடித்தாள். எழுநூறு ரூபாயை அதிலேயே கட்டினாள். வந்த பெட்டியைப் பிரித்தால் இரண்டும் இடது கை! திருப்பி அனுப்பியும் பணம் வந்தபாடில்லை.

"இனிமே என் கண்ணால பார்த்து, கையில மாட்டிப் பார்த்துட்டுதான் காசு குடுப்பேன்" என்று காசியம்மாள் சொல்லிவிட்டாள்.

நந்தினி வேறொரு கம்பெனியில் கேஷ் ஆன் டெலிவரி போட்டாள். டெலிவரிக்காரர் தனசேகர் பழவேற்காடு பேருந்து நிலையத்தில் நின்றபடி பதினொரு மணிக்குப் போன் செய்தார். போன் கரையில், சாப்பாட்டுப் பைக்குள் அடித்து ஓய்ந்தது. காசியம்மாள் ஏரியில் இருந்தாள். இப்படியே மூன்று முறை. நான்காவது முறை நந்தினி ஆர்டர் போட உட்கார்ந்தபோது கேஷ் ஆன் டெலிவரி பட்டன் வேலை செய்யவில்லை. மூன்று முறை பொருளை வாங்க மறுத்துவிட்டீர்கள், முன்கூட்டியே பணம் கட்டுங்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"நீ வேணாம்னு சொல்லிட்டதாப் போட்டிருக்கும்மா. பேசாம போன்லயே கட்டிடலாமா? இந்த வாட்டி சரியா வரும்."

"யாரு, நான் சொன்னேனா? அந்த ஆபீசு எங்க கீது, அத்தச் சொல்லு."

மறுநாள் வியாபாரியிடம் இறாலைப் போட்டுவிட்டு, ஈரப் புடவையோடும் பறியோடும் அப்படியே பஸ் ஏறினாள். பொன்னேரியில் அந்தக் கம்பெனியின் பார்சல் குடோன். மேலாளர் ராஜவேலு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்கம்மா. மூணு வாட்டியும் நீங்கதான் வேணாம்னு சொல்லியிருக்கீங்க."

காசியம்மாள் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தாள். குடோன் தரையில் முட்டி போட்டாள். இரண்டு கைகளாலும் சிமெண்டைத் தடவிக்கொண்டு அவர் மேஜையைச் சுற்றி நகர்ந்தாள். "அம்மா, என்னம்மா இது, எழுந்திருங்க" என்று ராஜவேலு பதறினார். அவள் நகர்ந்துகொண்டே இருந்தாள். பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முழுச் சுற்று முடித்துத்தான் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"பதினோரு மணிக்கு நான் இப்டிதான் சார் கீறேன். இந்த வாயால எப்டி வேணாம்னு சொல்லுவேன்?"

மூலையில் நின்ற தனசேகர் தலையைச் சொறிந்தார். "போன் அடிச்சா எடுக்கல சார். திரும்பத் திரும்பப் போறதுக்குப் பெட்ரோல் யாரு குடுப்பா? அதான் அப்டிப் போட்டேன்."

ராஜவேலு பெருமூச்சு விட்டார். "சரிம்மா, அந்த மூணையும் எடுக்கச் சொல்லிடறேன். ஆனா பிரிச்சுப் பார்த்துட்டுக் காசு குடுக்கறதெல்லாம் இங்க வழக்கம் இல்ல."

"இன்னா சார் வழக்கம்? என் இறாலை ஏவாரி கொட்டி, கிளறி, மோந்து பார்த்துட்டுதான் காசு குடுக்கறான். ஒரு நாளாவது பார்க்காம குடுத்திருப்பானா? அவன் பார்க்கலாம், நான் பார்க்கக்கூடாதா? எழுதிக் குடு. இல்லன்னா இங்கயே குந்திக்கினு கீறேன்."

குந்தினாள். ஐந்து மணி ஆனது, ஆறு ஆனது. ஷட்டரை இறக்க வந்தவர் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ராஜவேலு இரண்டு இடங்களுக்குப் போன் போட்டார். பிறகு உட்கார்ந்து தட்டினார்: மூன்று மணிக்கு மேல், பழவேற்காட்டு ஏரிக்கரை இறால் எடைமேடையில், பிரித்துக் காட்டி, பிடித்தால் பணம். வேண்டாம் என்றால் அதற்காகக் கேஷ் ஆன் டெலிவரி வசதியை நிறுத்தக்கூடாது என்றும் சேர்க்க வைத்துவிட்டுத்தான் காசியம்மாள் எழுந்தாள்.

நந்தினி மறுபடி ஆர்டர் போட்ட ஐந்தாம் நாள் மூன்றரைக்குத் தனசேகர் எடைமேடைக்கு வந்தார். அங்கேயே பெட்டியைப் பிரித்தாள். வலது ஒன்று, இடது ஒன்று. அளவும் சரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணி வைத்திருந்த பணத்தை இடுப்பிலிருந்து எடுக்கப் போனவள் நிறுத்தினாள். கையுறையோடு கண்ணை மூடி, வியாபாரி சிவகுமாரின் இறால் தொட்டிக்குள் கை விட்டுத் துழாவினாள். இறால் எது, ஐஸ் துண்டு எது என்று விரலுக்குத் தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. எவ்வளவு அலைச்சல்! கழற்றி, முந்தானையில் துடைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"வேணாம்."

தனசேகர் போனை எடுத்துக்கொண்டு தயங்கினார். "யக்கா, இன்னான்னு போடறது?"

"வாங்க மாட்டேன்னுட்டாங்கன்னு போடு. இந்த வாட்டி என் வாயால சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. இத்தவிட மெல்லிசா ஒண்ணு கீதாம். நாளைக்கு நந்தினி ஆர்டர் போடுவா. மூணு மணிக்கு மேல எடுத்துக்கினு வா."