மாத்திரையை நிறுத்திய சாட்சி

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு ராணிப்பேட்டையில் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் எண்பது ரூபாய். காலணிக் கம்பெனியில் தோல் வெட்டும் எனக்குச் சனிக்கிழமை லீவு சுலபத்தில் கிடைக்காது. ஆனால் வியாழக்கிழமை என் தங்கை வீட்டுக்காரர் டேவிட் போன் செய்திருந்தார். “மச்சான், ஜெபா காலு சரியில்ல. நான் சொன்னா கேக்க மாட்றா. நீங்க ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க” என்றார். அதனால் புறப்பட்டேன்.

ஜெபா என் ஒரே தங்கை. நாற்பத்தாறு வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். வல்லத்தைத் தாண்டி ஒரு சிறிய சபைக்குப் போகிறாள். அங்கே ஞாயிறு ஆராதனையில் ‘சாட்சி’ என்று ஒரு நேரம் உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்வார். போன ஈஸ்டர் அன்று ஜெபா எழுந்து, இயேசு தன் சர்க்கரையைத் தொட்டுக் குணமாக்கிவிட்டார், இனி மாத்திரை இல்லை என்று சொன்னாள். சபை முழுவதும் கை தட்டியது. டேவிட் அதைச் செல்போனில் பிடித்து எனக்கு அனுப்பினார். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கும்பிடும் கை படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

எட்டு நாற்பதுக்கு ஸ்ரீபெரும்புதூர். ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. இறங்கியவர்களில் பாதிப் பேர் நடந்துகொண்டே தூங்கினார்கள். ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய்.

“எங்க சார் எறங்கணும்?” என்றார் டிரைவர்.

“வல்லம் தாண்டி. தகர ஷீட் போட்ட சர்ச் ஒண்ணு இருக்குமாம், அதுக்குப் பக்கத்துல.”

“இங்க எல்லாமே ஷீட்டுதான் சார். கம்பெனியும் ஷீட்டு, சர்ச்சும் ஷீட்டு. உள்ள போனாத்தான் இன்னா செய்றாங்கன்னு தெரியும்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதரைக்கு வீடு. ஒரே சுவரில் ஆறு குடித்தனம், அதில் மூன்றாவது. ஜெபா வாசலுக்கு வந்து, “வா ணா, இன்னா திடீர்னு?” என்றாள். இளைத்திருந்தாள். அந்த வெயிலில் காலுறை போட்டிருந்தாள்.

“காலைக் காட்டு” என்றேன்.

“கொசு கடிக்குதுன்னு போட்டுக்கினு கீறேன்.”

அடுப்பருகே நின்ற டேவிட், “கொசு விரலைத் தின்னுமா?” என்றார்.

“இவரு வாய்க்குள்ள இருந்து யாரு பேசறான்னு எனக்குத் தெரியும் ணா. பிசாசு.”

“பிசாசு கேன்டீன்ல நூறு பேருக்கு இட்லி ஊத்திட்டு வந்து நிக்குது” என்றார் அவர்.

கடைசியில் காலுறையைக் கழற்றினாள். இடது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. ஊறப்போட்ட தோலின் நாற்றம் அடிக்கும் ஊரில் முப்பது வருடம் வேலை செய்தவன் நான். அந்த வாடைக்கு என்னால் மூச்சு விட முடியவில்லை.

“வலிக்கவே இல்ல ணா” என்றாள். “சுகம் இல்லன்னா வலிக்காதா?”

வலி இல்லாததையே அவள் அத்தாட்சியாக வைத்திருந்தாள். மாத்திரையைப் போட்டால் என்ன என்று கேட்டேன். “போட்டா அன்னிக்கு சொன்னது பொய்யாயிடும். என் சாட்சியக் கேட்டு நாலு வூட்டுக்காரங்க சபைக்கு வந்துகீறாங்க. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

மாலை ஐந்து மணிக்கு அந்தச் சபையின் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். முன்பு கம்பெனியில் வெல்டராக இருந்தவர். கண்ணோரத்தில் இன்னும் தீப்பொறித் தழும்பு. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“நான் மாத்திரைய நிறுத்தச் சொல்லவே இல்லண்ணே” என்றார்.

போடவும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். “நாளைக்கு நீங்களே எல்லார் எதிர்லயும் அவளை மாத்திரை போடச் சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “புதுசா வந்தவங்க தடுமாறிப் போயிடுவாங்கண்ணே. சந்தேகம் ஒரு வாட்டி உள்ள வந்துச்சுன்னா லேசுல வெளிய போவாது.”

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

ஞாயிறு காலை பத்து மணி. தகரக் கொட்டகைக்குள் நாற்பது பேர் இருந்தோம். சிலர் ஷிப்ட் சட்டையோடு நேராக வந்திருந்தார்கள். சாட்சி நேரத்தில் ஒரு வாலிபர் வேலை நிரந்தரமானதற்கு நன்றி சொன்னார். அடுத்து யார் என்று பாஸ்டர் கேட்டார். நான் எழுந்தேன். ஊரில் கோயில் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சர்ச்சில் ஐம்பத்தொரு வயது வரை அறிக்கை வாசிக்கக்கூட நின்றவன் இல்லை.

“நான் ஜெபமணியோட அண்ணன். அவ கால்ல ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. சர்க்கரை போகல. எனக்கு ஆண்டவர்மேல நம்பிக்கை இருக்கு. இந்தச் சாட்சிமேல சந்தேகம் இருக்கு. அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க.”

யாரோ அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்கள். டிரம் அடிப்பவர் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். “உக்காரு ணா, அசிங்கப்படுத்தாத” என்றாள் ஜெபா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் உட்காரவில்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஹவுஸ்கீப்பிங் சேலை கட்டியிருந்தாள். பெயர் மஞ்சுளா என்று பிறகு அறிந்தேன். ஜெபாவின் சாட்சியைக் கேட்டுச் சபைக்கு வந்தவர்களில் ஒருத்தி.

“அக்கா, நானும் போடறதில்ல. எனக்கும் சுகர்தான். நீ அன்னிக்கு சொன்னியே, அதுலருந்து வுட்டுட்டேன். இப்ப கண்ணு மங்கலா தெரியுது. தரையில அழுக்கு தெரியலன்னு சூப்பர்வைசர் திட்றான். நான் போடலாமா, வாணாமா?”

ஜெபா அவள் பக்கம் திரும்பினாள். “போடு” என்றாள்.

“அப்ப நீ?”

ஜெபா குனிந்தாள். எல்லோரும் பார்க்கக் காலுறையை உருவினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். பாஸ்டர் வந்து அந்தக் காலைப் பார்த்தார். ஆசீர்வாத ஜெபம் சொல்லாமலேயே போய் சபை வேனின் சாவியை எடுத்தார். அவரே ஓட்டி எங்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திங்கட்கிழமை அங்கே டாக்டர், “வலி இல்லாததுதான் ஆபத்தும்மா. நரம்பு செத்துப்போச்சு” என்றார். விரலோடு போகாது, கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார். ஜெபா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவளே என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள். “நான் பொய் சொல்லல ணா. அன்னிக்கு நெஜமாவே ஒடம்பு லேசா இருந்துச்சு.”

“தெரியும்மா. நானும் அன்னிக்கே கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா திட்டியிருப்பேன்” என்றாள். பிறகு கண்ணை மூடினாள். “ஆண்டவரே, நீர் செஞ்சீரா, நானா நெனச்சுக்கினேனா? சொல்லும்” என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஆமென் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குள் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகச் சக்கர நாற்காலி வந்துவிட்டது.

அன்று மதியம் இரண்டாவது ஷிப்டில் நான் ஆஜராக வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அவள் உள்ளே இருக்கும்போதே புறப்பட்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் சாட்சி சொல்லும் வழக்கம் இல்லை. அச்சடித்த ஜெபத்தை வாசித்து, நேரத்துக்கு முடித்து வீட்டுக்குப் போவோம். அதனால் நாங்கள் தப்பித்தோம் என்று பஸ்ஸில் முதலில் நினைத்தேன். பிறகு அது சரியாகப் படவில்லை. அங்கே மஞ்சுளா எழுந்து கேட்டாள். எங்கள் கோயிலில் யார் எதை நம்பி எதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கே தெரியாது.

காவேரிப்பாக்கம் தாண்டும்போது டேவிட் போன் செய்தார்.

“எடுத்துட்டாங்க மச்சான். உயிருக்கு பயமில்லன்றாங்க. கண்ணத் தொறந்ததும் காலப் பத்தி ஒண்ணும் கேக்கல. மஞ்சுளா மாத்திரை போட்டாளான்னு கேட்டா.”

“போட்டாளா?” என்றேன்.

“தெரியல மச்சான். அவ வூட்டுக்குப் போய் கேக்கணும். அதுக்குத்தான் செருப்ப மாட்டிக்கினு நிக்கறேன்.”