சபைக்கு வாங்க

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வரி ரசீதில் மட்டும்தான் இருந்தது. ஊர் அவரைக் கூப்பிட்டதெல்லாம் கூத்தில் அவர் கட்டிய வேஷத்தின் பெயரால்தான். சூதில் தோற்றவர்களின் மனைவியைக் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்துவந்து சேலையை உருவுகிறானே, அந்த வேஷம். ஆகவே அந்தப் பெயரையும் நான் சொல்ல முடியாது. திண்டிவனம் கடைத்தெருவில் யாராவது, "நீ யார் வீட்டு மருமக?" என்று கேட்டால், என் முந்தானையை நானே இழுத்துக் காட்டுவேன். உடனே புரிந்துகொள்வார்கள்.

அப்படி இழுக்கப்படுகிற அம்மன் வேஷம் கட்டியவர் என் அப்பா.

எங்கள் ஊர் கிளியனூருக்குக் கிழக்கே, நடந்தால் ஒரு நாழிகை. அப்பா மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடியானவர். சவுரி வைத்துக் கொண்டை போடுவது அவருக்குப் பிடிக்காது. அம்மனுக்குப் பொய் முடி ஆகாது என்று சொந்த முடியையே இடுப்புவரை வளர்த்திருந்தார். ஏர் ஓட்டும்போது அதை முடிந்து தலைப்பாகைக்குள் ஒளித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் சீப்புக்குச் சண்டை வந்தால் அது எனக்கும் அப்பாவுக்கும்தான்.

மாமனாருக்குத் திருவக்கரைப் பக்கம் ஒரு ஊர். இருவரும் ஒரே ஜமாவில் ஆடினார்கள். கூத்துக் குழுவை நாங்கள் ஜமா என்போம். பதினான்கு வருஷம் அவர் இழுத்தார், இவர் கதறினார். களத்துக்கு வெளியே மாமனாரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. அவர் வாயிலிருந்து 'டா', 'டி' வந்து யாரும் கேட்டதில்லை. மாட்டைக்கூட "வாப்பா" என்றுதான் கூப்பிடுவார். என் மாமியார் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எல்லா வாடி போடியையும் அங்கியே செலவு பண்ணிட்டு, வெறும் வாயோட வூட்டுக்கு வந்துடறாரு."

அந்த வீட்டுப் பிள்ளை ஜமாவில் பின்பாட்டு பாடினார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் விடிய விடிய விழித்திருந்தேன் என்பதை இந்த வயதில் மறைப்பானேன்? எனக்குப் பதினாறு வயதில் அவர்கள் வீட்டிலிருந்தே பெண் கேட்டு வந்தார்கள். தை மாதம் பரிசம் போட்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். துணிக்குப் பெரிய தட்டுப்பாடு. மாமனார் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் பொழுதெல்லாம் வரிசையில் நின்று, அரக்குச் சிவப்பில் மயில்கழுத்துக் கரை போட்ட சேலை ஒன்றை வாங்கிவந்து பரிசத் தட்டில் வைத்தார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டபின் அதுவரை "யோவ்" என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு கூத்தாடிகளும் ஒருவருக்கொருவர் "வாங்க சம்பந்தி", "உக்காருங்க சம்பந்தி" என்று குழைய ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணம் வைகாசியில் என்று முடிவானது.

வைகாசிக்கு முன்னால் சித்திரை வரவேண்டும் அல்லவா? சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் துகில் கூத்து. அந்தக் கட்டத்துக்கு அப்பா ஏழு சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொள்வார். உருவ உருவ வந்துகொண்டே இருக்க வேண்டும். ஊரில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். அந்த வருஷம் இருக்கிற ஒரு நல்ல சேலையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆறுதான் சேர்ந்தது. நான் பெட்டியைத் திறந்து பரிசச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். அம்மன் உடம்பில் பட்டால் நல்லது என்று அப்பாவும் வாங்கிக்கொண்டார். பக்தி ஒரு பங்குதான். அந்தச் சேலை களத்தில் விரிவதைப் பின்பாட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் மீதி மூன்று பங்கு.

துகில் கட்டம் வரும்போது கிழக்கு வெளுக்கும். வேண்டுதல் வைத்த பெண்கள் முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் களத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டம் முடிந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் அவர்கள் வாயில் மோர் படும். அன்றும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மாமனார் கிரீடமும் புஜக்கட்டையுமாக உறுமிக்கொண்டு வந்தார். "வாடி சபைக்கு!" என்று அப்பாவின் கூந்தலைப் பிடித்தார். முதல் சேலை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதாக அரக்குச் சிவப்பு தெரிந்தது.

மாமனாரின் கை அப்படியே நின்றுவிட்டது. மத்தளக்காரர் அடித்துக்கொண்டே இருக்கிறார், பின்பாட்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. "இன்னும் இழுத்து வா சபை நடுவே" என்று ராசா வேஷம் கட்டளை போடுகிறது. மாமனார் அந்தச் சேலையின் கரையைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சபைக்கு வாங்க."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "சம்பந்தியம்மா, பாத்து வாங்க! கல்லு முள்ளு குத்தப் போவுது!" களமே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். விரதமிருந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா மீதிச் சேலைகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் பூசியிருந்த அரிதாரத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் என் சிரிப்பு நின்றது.

ஜமா வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். உச்சிப்பொழுதில் அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி ஆடிவிடுவது, அதுவரை பெண்கள் பொறுத்துக்கொள்வது. அப்பா சம்மதித்தார். மாமனார் மறுத்துவிட்டார். "பொண்ணு குடுத்த எடம். அவரு தலையில கை வெச்சிட்டு, அதே கையால எப்பிடி அந்தப் பொண்ணுக்கு ஆசீர்வாதம் பண்றது? என்னால ஆவாது வாத்தியாரே."

இதைக் கேட்ட அப்பாவுக்கு வந்ததே கோபம். "அவரு கை வெச்சாத்தான் நான் அம்மன். வெக்கலன்னா நான் இன்னா? பொம்பள வேசம் கட்டிக்கினு நிக்கிற குடியானவன். அம்மனப் பாத்து ஊரு சிரிச்சிடுச்சி. அது தீராம என் வூட்ல மேளம் கொட்டாது. போய்ச் சொல்லுங்க. இழுத்தாத்தான் கல்யாணம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வாடின்னு சொல்லி நின்ன கல்யாணம் கேட்டிருக்கேன். வாங்கன்னு சொன்னதுக்கு ஒரு கல்யாணம் நிக்குமா இந்த ஒலகத்துல?"

அம்மா சொன்னது வேடிக்கைதான். ஆனால் சேலையைக் கொடுத்தவள் நான். இரண்டு நல்லவர்கள் முரண்டு பிடித்தால் அதை அவிழ்க்க யாராலும் முடியாது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும், என் அப்பாவோடு வளர்ந்தவள் அல்லவா? உச்சிப்பொழுதுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மாமனாராகப் போகிறவர் முன்னால் ஒரு பெண் நிற்பதே தப்பு. நான் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஏரி மதகுக்குப் போனேன். அங்கே அவர் தனியாக உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தை அழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் ராட்சசன், பாதி முகம் அவர்.

"மாமா" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கலைக்காதீங்க மாமா. எங்கப்பாவ வாடின்னு கூப்புடுங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா சொல்ற?"

"முடியப் புடிச்சி இழுங்க. எப்பவும் போல. நான்தான் கேட்டுக்கறேன்."

எண்ணெய்க் கையை மதகுக் கல்லில் துடைத்துக்கொண்டார். "இழுத்துடலாம்மா. பதினாலு வருசமா இழுத்த கைதானே. அதப் பாத்துட்டு நாளைக்கு எங்க வூட்டுக்கு வந்து, இந்தக் கைக்கு நேரா நீ சோறு போடுவியா?"

"போடுவேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. பதினாறு வயதில் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. சோறு போடுவது என்ன பெரிய காரியம்?

உச்சிவெயிலில் ஆடினார்கள். பந்த வெளிச்சத்தில் பாதி தெரியும், பாதி தெரியாது. வெயிலில் எல்லாம் தெரிந்தது. "வாடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் கோயில் வேம்பிலிருந்து காக்கைகள் கிளம்பின. கூந்தலை முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து மண்ணில் இழுத்துவந்தார். விட்டுப்போன ஒரு 'டி'க்கு வட்டியும் சேர்த்து, வரிக்கு வரி 'டி' போட்டார். காலையில் சிரித்த கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. பரிசச் சேலையை உருவித் தூக்கி எறிந்தபோது அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்பா கதறியது பாட்டில் இல்லாத கதறல். கடைசியில், கதையில் வருகிறபடியே, உருவி உருவி ஓய்ந்து மாமனார் மயங்கி விழுந்தார். கற்பூரம் காட்டினார்கள். பெண்கள் மோர் குடித்தார்கள். அப்பா தன் கையால் அவர் நெற்றியில் விபூதி இட்டு எழுப்பிவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி. நான் மட்டும் மாமனாரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் அப்பாவின் முடி ஒரு கொத்து சுற்றியிருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மேளம் கொட்டியது. ஒரு குறையும் இல்லை.

புகுந்த வீட்டில் முதல் பந்தி. மாமனார் இலைக்கு முன்னால் நான் சோற்றுக் குண்டானோடு குனிந்தேன். அவர் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள். என் கை சோற்றில் இறங்கவே மாட்டேன் என்றது. கோபமா, அருவருப்பா, பயமா? எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொண்டார். "குண்டான வெச்சிட்டுப் போம்மா. நான் போட்டுக்கறேன்" என்றார் மெதுவாக. மாமியார், "பொண்ணு கூச்சப்படுது" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. நான் குண்டானைக் கொண்டுபோய் வைப்பேன், அவர் தானே போட்டுக்கொள்வார். கேப்பைக் கூழானாலும் சரி, நெல்லுச்சோறானாலும் சரி. ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஏரி மதகில் நான் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கேட்காத மனிதரை என்ன செய்வது? தினமும் இரண்டு வேளை அந்தக் குண்டான் என்னைக் குத்தியது.

ஆடிக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா இலையில் சோறு போட்டேன். மாமனார் பக்கத்தில் வழக்கம்போல் குண்டானை வைத்தேன். அவரும் வழக்கம்போல் கையை நீட்டினார். அப்பா சாப்பிடவில்லை. என்னைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார், மாமனாரின் கையைப் பார்த்தார்.

"அன்னிக்கு மதகாண்ட போய் இவருகிட்ட கேட்டது நீதானே?" என்றார்.

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது யார் என்று தெரிந்துவிட்டது.

அப்பா தலைமுடி முடிச்சை அவிழ்த்து உச்சியில் கைவைத்துக் காட்டினார். ஒரு காலணாக் காசு அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. "பாத்துக்கோ. இன்னும் மொளைக்கல. பட்டவன் நானு. செஞ்சவரு இவரு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து துன்றோம். கேட்டவ உனக்கு இன்னாடி வந்துது?"

அப்பா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. நான் கேட்டேன், அவர் செய்தார், இவர் பட்டார். என் கல்யாணத்துக்காக என்று இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டதை, அந்தக் கல்யாணத்தின் சுகம் அத்தனையும் அனுபவித்துக்கொண்டே, ஒருவர் கையில் மட்டும் குற்றமாக ஒட்டவைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. குண்டானை எடுத்தேன். கண்ணீரில் இலை சரியாகத் தெரியவில்லை. ஒரு கை போட்டேன். இன்னொரு கை. மாமனார் இலையின் மேல் கையை விரித்து, "போதும்மா, போதும்மா" என்றார். விரல் சந்தின் ஊடே இன்னும் கொஞ்சம் போட்டேன். பருப்பு ஊற்றினேன்.

அவர் குனிந்தபடியே பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். பிறகு, சாப்பாட்டு ருசியிலோ, என்ன நினைப்பிலோ, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரசம் ஊத்துடி."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். களம் இல்லை, கிரீடம் இல்லை, மத்தளம் இல்லை. கட்டியவளிடம்கூட அவர் வாயில் வராத எழுத்து. அப்பா ஒரு கணம் விழித்தார். அப்புறம் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "ஊத்துடி, கேக்கறாரு இல்ல" என்றார்.

ஊற்றினேன்.