பலகைக் கோயிலின் கிராதி

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் லுத்தரன் கோயிலை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. பலகைக் கோயில் என்றால்தான் தெரியும். சுவர், தூண், உத்தரம், பலிபீடம் எல்லாமே மரம். மேலே ஓடு மட்டும் மண். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து அந்த மரங்களைத் தோளிலும் வண்டியிலும் கொண்டுவந்தவர்கள் எங்கள் தெரு ஆட்கள். கோயில் எழும்பியதும் அவர்களைப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். முன்னால் தோட்டம் துரவு உள்ள சாதிக்காரர்கள். பின்னால் அவர்களுடைய வயல்காட்டில் கூலிக்குப் போன நாங்கள். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக் கிராதி. இரண்டு பக்கத்தாரும் கும்பிட்டது ஒரே ஆண்டவரைத்தான்.

என் அம்மாவுக்குக் கல்யாணமே கிராதிக்கு இந்தப் பக்கம்தான் நடந்தது. போதகர் பலிபீடத்தருகே நின்றபடியே அங்கிருந்து சத்தமாகக் கேட்க, அம்மாவும் அப்பாவும் இங்கிருந்து சத்தமாகச் "சம்மதம்" சொன்னார்களாம். மறு வருஷம் நான் பிறந்தேன். ஞானஸ்நானத் தொட்டி முன்பக்கம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு கிராதிக்கு மேலாக நீட்டுவது வழக்கம். கிண்ணம் வந்தபோது அம்மா அதை வாங்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு கிராதியைச் சுற்றி நடந்துபோய்த் தொட்டியருகே நின்றார்.

"ஏனுங்க ஐயா, தொட்டி இங்கதானுங்களே இருக்குது? புள்ளையும் இங்கயே இருக்குதுங்க."

முன்வரிசையில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். போதகர் தொட்டித் தண்ணீரிலேயே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சில மாதங்களில் கிராதியைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கோயிலைப் புதுப்பித்தார்கள். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், விழா மலருக்குக் கோயில் வரலாற்றை எழுதித் தரும்படி சபைச் செயலாளர் கேட்டார். கோழிப்பண்ணை வைத்திருக்கும் மனிதர், என்னைவிட இளையவர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. மரம் வந்த கதையையும் கிராதியின் கதையையும் எழுதிக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தது. மரம் "தருவிக்கப்பட்டது" என்றிருந்தது. யார் சுமந்தார்கள் என்பது இல்லை. அம்மா இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வண்ணப்படம்: பரணிலிருந்து இறக்கி, மெருகேற்றி, பாடகர் குழுவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள் அந்தக் கிராதியை. கீழே, "கலைநயம் மிக்க பாடகர் கிராதி."

நேராகப் பண்ணைக்கே போய்க் கேட்டேன்.

"அதையெல்லாம் எதுக்குங்க டீச்சர் இப்பக் கிளறோணும்? எல்லாரும் ஒத்துமையா இருக்கறமுங்க."

"கிராதிய எதுக்கு வெச்சிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. அதுக்குத்தானுங்க சொல்றேன். பிரதிஷ்டை பண்ண அத்தியட்சர் வாராரு. வெளியூருச் சனம் வருது."

தெரிந்தே செய்திருக்கிறார் என்பதுதான் என்னை அதிகம் சுட்டது. தெரியாமல் செய்திருந்தால் சொல்லிப் புரியவைத்திருப்பேன்.

பிரதிஷ்டை ஞாயிறன்று வரலாறு வாசிக்க என்னை அழைத்தார்கள். அம்மாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் மலர் இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்ததை வாய்மொழியாகவே சொன்னேன். கிண்ணம் நீட்டப்பட்ட இடத்துக்கு வந்தபோது மைக் நின்றுபோனது. முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை எனக்கு. கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி மீதியையும் சொல்லி முடித்தேன். "இது பாடகர் கிராதி இல்லைங்க. எங்களைப் பிரிச்சு வெச்ச கிராதி" என்று கை நீட்டிக் காட்டிவிட்டு இறங்கினேன். எங்கள் திருச்சபையின் பிஷப்பான அத்தியட்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சபையின் ஐக்கியத்துக்காக நீண்ட ஜெபம் செய்தார். கிராதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் செயலாளர் என்னை மறித்தார். "சபை மானத்த வாங்கிட்டீங்களே டீச்சர்."

"எந்த மானமுங்க? எங்கம்மா கல்யாணத்தப்ப இருந்துச்சே, அதுங்களா?"

கிராதி இன்றும் அங்கேதான் நிற்கிறது. அடுத்த வாரமே அதன்மேல் ஒரு பித்தளைப் பலகை அடித்து, அதே பொய்யை அதில் பொறித்துவிட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஆறேழு பேர் பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்கள், பெஞ்சிலிருந்தே பாடுகிறார்கள். வரலாற்றைத் திருத்தி மறுபடி அச்சிடும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். "பரிசீலனையில் இருக்குதுங்க" என்கிறார்கள்.

பிரதிஷ்டை முடிந்து அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது அம்மா வழிநெடுகப் பேசவில்லை. கூட்டத்தில் தன்னைப் பற்றிச் சொன்னது பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. வீடு வந்து இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நற்கருணைக் கப்பு விசயத்தயும் சொல்லியிருக்கலாம் சாமி."

"எந்தக் கப்பும்மா?"

"நற்கருணையில திராட்சரசம் குடுக்க அவிங்களுக்கு வெள்ளிக் கப்பு, நமக்கு ஈயக் கப்பு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வயதாகியும் எனக்கு அது தெரியாது.