எதிர் வீட்டைப் பார்த்த குழாய்

சின்ன காஞ்சிபுரத்தில் நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மைக் செட்காரர் இருந்தார். ஒல்லியான மனிதர். தன் செட் ஓடும்போது தன் காதில் மட்டும் பஞ்சு வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் கோயில் உற்சவத்துக்கு அவர் செட் வேண்டாமென்று விழாக் குழுச் செயலாளர் வேலூரிலிருந்து ஆளை வரவழைத்தார். "தகர டப்பா சத்தம்" என்று நாலு பேர் எதிரில் சொல்லியும்விட்டார். செயலாளரின் வீடு எங்களுக்கு நேர் எதிரே.

மறு வாரமே மைக் செட்காரர் புதுக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை மாடியில் கட்டி, அதன் வாயைச் செயலாளரின் ஜன்னல் பக்கம் திருப்பினார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஒரே ரிக்கார்டு. தலைவலி தாங்காமல் போய்க் கேட்டேன்.

"புதுக் குழாய் சார். ஓட ஓடத்தான் தொண்டை திறக்கும். இல்லேன்னா தகர டப்பா சத்தம்தான் வரும்" என்றார், மிக மரியாதையாக.

ஒரு மாதம் ஓடியது. கடைசி நாளும் முதல் நாள் கேட்ட அதே சத்தம்தான். செயலாளர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், பிறகு செவிலிமேட்டுக்குக் குடிபோய்விட்டார்.

அடுத்த உற்சவம் மைக் செட்காரருக்கே கிடைத்தது. அதற்காக வாங்கிய புதுக் குழாய்களைப் பெட்டி பிரித்த கையோடு கோயில் வாசலில் கட்டினார். முதல் பாட்டே கணீரென்று கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கெல்லாம் தொண்டை திறக்க வேணாமா?" என்றேன்.

காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"யாருக்காக சார் திறக்கணும்? அவருதான் காலி பண்ணிக்கினு பூட்டாரே!"