மஞ்சள் தாண்டிய வரிசை

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். டெல்லியில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை.

அங்கே சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் செயற்கைச் சவ்வு இருக்கும். மருந்து அதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். முதலில் சவ்வின் மேல் எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் விடும் பிப்பெட் குழாயின் முனை பட்டால் சவ்வு கிழிந்துவிடும்; படவே கூடாது. அன்று ஆராய்ச்சி மாணவி தேவிக்குக் கை வலி. முதல் வரிசைக்கு மட்டும் நான் விட்டேன். முனை குத்தியது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. தேவி மருந்தை ஊற்றினாள்.

மாலையில் தட்டைப் பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள். "யாரு தொட்டது? என்கிட்ட இருந்த மருந்தே அவ்வளவுதான்."

தரை துடைக்கும் ரமேஷ் பக்கத்தில் நின்றான். "நீதானேடா" என்று இந்தியில் கேட்டு அவன் வாயில் குத்தினேன். விழுந்தவனை மிதித்தேன். நான் கோபப்பட்டால் என்மேல் சந்தேகம் வராது என்று நினைத்தேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"மைனே நஹி கியா, பையா." தான் செய்யவில்லை என்று கெஞ்சினான்.

மறுபடி குத்தினேன்.

தட்டை மறுபடி பார்த்த தேவி என் கையைப் பிடித்தாள். "விடுங்கண்ணே. சவ்வு கிழிஞ்சா தெரியணும்னுதான் மருந்தோட மஞ்சச் சாயம் கலப்போம். முதல் வரிசையில மட்டும்தான் சாயம் தாண்டியிருக்கு. அது நீங்க விட்டது."

ரமேஷுக்குத் தமிழ் தெரியாது. தப்பு என்னுடையது என்று நானே இந்தியில் சொன்னேன். "என்னை அடி" என்றேன்.

ஒரே குத்து. என் முன்பல் போனது. பிறகு அவன் குனிந்து இரண்டு பேர் ரத்தத்தையும் துடைத்தான். துணியைக் கேட்டேன். தரவில்லை.

மருந்து ஊற்றும் முன்பே சொல்லியிருந்தால், சில சவ்வுகள் மட்டும்தான் போயிருக்கும்.