பத்திரகாளி வாயில் வரும் பாவி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் டிரைவர் நான். எங்கள் கம்பெனியில் பத்திரகாளியிடம் வாங்கிக்கட்டாத ஆளே கிடையாது. கேட்டில் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. செல்போன், தீப்பெட்டி, ஆணி அடித்த செருப்பு எதுவும் உள்ளே போகக்கூடாது.

"பாவி" இல்லாமல் அவளுக்குப் பேச்சே வராது. தாமதமாக வந்தால், "அடப்பாவி, ஒனக்கு இப்பத்தான் விடிஞ்சுச்சா?" வடை வாங்கிவந்து நீட்டினால், "பாவிப்பய, எனக்குன்னு நெனச்சு வாங்கியாந்திருக்கான் பாரு!" வேனை ஒருநாள் ஓடைக்குள் இறக்கிவிட்டேன், எனக்குப் "படுபாவி" கிடைத்தது. இதற்கெல்லாம் யாரும் கோபப்பட்டதில்லை. ஆனால் எவன் பையிலாவது தீப்பெட்டி அகப்பட்டுவிட்டால் கத்தமாட்டாள். முகத்தைப் பார்த்து மெதுவாகப் "பாவி" என்பாள், அவ்வளவுதான். கேட்டவனுக்கு அன்று சோறு இறங்காது.

போன தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லோடு ஏற்ற லாரி நிற்கிறது. முதலாளி மகன் சூர்யபிரகாஷ் படிப்பு முடிந்து பொறுப்புக்கு வந்து மூன்றாவது நாள். சட்டைப் பையில் போனோடு கேட்டைத் தாண்டி விறுவிறுவென்று நடக்கிறார்.

"தம்பி, போனை வச்சிட்டுப் போங்க."

"ரெண்டே நிமிசம்க்கா, அவசரம்!"

போனது எங்கே? வெடிமருந்து கலக்கும் அறைக்கு! பத்திரகாளி போன் போடும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அறைக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்:

"ஏலே பாவி! நில்லுலே!"

அத்தனை பேர் கையும் நின்றுவிட்டது. முதலாளி மகனைப் போய் ஏலே என்றுவிட்டாளே, கெட்டது குடி என்று நினைத்தேன். பத்திரகாளியின் செத்துப்போன தங்கை வள்ளித்தாயின் மகள் ஸ்ரீமதி நர்ஸிங் படிப்பது இவள் சம்பளத்தில்தான்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பாத்து பாவிங்கிறீங்க? நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்!"

"வரல. போனைக் குடுத்துட்டுப் போங்க."

வழியை மறித்துக் கூடையை நீட்டினாள். ஆள் நகரவில்லை. அவர் போனை எடுத்துக் கூடைக்குள் வீசினார். அவள் திரும்பி நாலு எட்டு வைக்கவில்லை, கூடைக்குள் போன் அலறியது! அறைக்குள் மருந்துத்தூள் பரத்திக் கிடக்கிறது. எல்லோரும் அந்தக் கூடையையே பார்த்தோம். அவள் ஒரே ஓட்டமாகக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

சூர்யபிரகாஷ் பின்னாலேயே வந்து என் வேன் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். பத்திரகாளி சோத்துத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"தம்பி, நான் ஒங்கள வையல. ஆறு வருசத்துக்கு முன்னால வேற கம்பெனியில ஒருத்தன் மடியில தீப்பெட்டி இருந்ததப் பாத்தேன். மூத்த ஆளு, நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். அன்னைக்கு மருந்து வெடிச்சதுல அவனும் போனான், என் தங்கச்சி வள்ளித்தாயும் போனா."

நாலு வருடமாக ஒரே வேனில் வருகிறோம், தங்கை செத்தது தெரியும், இப்படியென்று எனக்கே தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்துட்டுச் சும்மா இருந்த என்னைய ஒருத்தர்கூடப் பாவின்னு சொல்லல. தங்கச்சி மக இன்னைக்கும் வாய் நெறய பெரியம்மாங்குறா."

அவர் எழுந்து, அந்தத் தூக்கை வாங்கி அவள் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் ஆட்களை இறக்கும்போது, வரிசையில் கடைசி ஆளாக சூர்யபிரகாஷ் நின்றார். முறை வந்ததும் போனைக் கூடையில் போட்டு, சட்டை, பேன்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"அடப்பாவி, மொதலாளியே இம்புட்டு லேட்டா வந்தா மத்தவுக எப்ப வருவாக?"

வேனுக்குள் இருந்து நான்தான் முதலில் கைதட்டினேன்.